பதினொரு நிமிட வயிறு

முத்துக்கனியின் வயிற்றை எனக்கு ஐந்து மாதமாகத் தெரியும். முகத்தைப் பார்த்ததில்லை. வெறும் வயிறாக இருந்தால் அவள் விழுங்கும் கேப்சூல் பதினொரு நிமிடத்தில் உடையும். ஏதாவது சாப்பிட்டிருந்தால் நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். இந்த ஐந்து மாதத்தில் நாற்பதைத் தாண்டிய நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஒன்று கிறிஸ்துமஸ், ஒன்று பொங்கல், இன்னொன்று யாரோ சொந்தக்காரர் வீட்டுச் சடங்கு. மீதி நாளெல்லாம் பதினொன்றுதான். எங்கள் அலுவலகச் சுவர்க் கடிகாரம் தப்பினாலும் அவள் வயிறு தப்பாது.

என் வேலைக்குக் கரைவு வாசிப்பாளர் என்று பெயர். பத்தொன்பது வருடம் மருந்துக் கடையில் நின்றவள் நான். கடைகளில் ஆள் நிற்க வேண்டாம், பெட்டியே மருந்து கொடுத்துவிடும் என்று ஆனபிறகு, பார்மஸி டிப்ளமோ படித்தவர்களுக்கு மிஞ்சிய வேலை இது. எங்கள் வட்டத்தில் மருந்துக்கு மசியாத காசநோய்க்காரர்கள் முந்நூற்று நாற்பது பேர். தினமும் காலை ஆறிலிருந்து ஏழுக்குள் எல்லாரும் ஒரு கேப்சூல் விழுங்குவார்கள். என் திரையில் முந்நூற்று நாற்பது கோடுகள் ஊரும். உடைந்த இடத்தில் கோடு ஒரு துள்ளு துள்ளும். எப்போது துள்ளியது, எத்தனை நிமிடத்தில் கரைந்தது என்று இயந்திரமே எழுதிவிடும். அது எழுதியது சரிதானா என்று பார்ப்பதற்கு ஒரு மனுஷி வேண்டும் என்று எந்தப் புண்ணியவானோ சட்டத்தில் ஒரு வரி சேர்த்து வைத்திருந்தான். அந்த வரியில்தான் என் சோறு இருந்தது.

முதல் மாதம் முத்துக்கனி போனில் கேட்டாள்.

"யக்கா, இந்த மாத்திரை உள்ள போயி போட்டோ எடுக்குமா?"

"எடுக்காது. மாத்திரைத் தோலுக்குள்ள தலைமுடியவிட மெல்லிசா ஒரு கம்பி இருக்கு. வயித்துப் புளிப்பு பட்டதும் அது ஒரு சிக்னல் குடுக்கும். உங்க வயித்து மேல ஒட்டியிருக்க பேட்ச் அதைப் பிடிச்சி உங்க போனுக்கு அனுப்பும். போனு எனக்கு அனுப்பும். அவ்வளவுதான்."

"வேற ஒண்ணும் சொல்லாதுல்லா?"

"என்ன சொல்லிரும்னு பயப்படுதிய?"

"சும்மா கேட்டேன்க்கா." சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"சாப்ட்டுட்டுத்தான் போடணும், கேட்டியளா? வெறும் வயித்துல போட்டா சட்டுனு உடைஞ்சி, பாதி மருந்து ரத்தத்துல சேராமலே போயிரும். பாதி மருந்து பட்ட கிருமி சாவாது. பலம் கூடித்தான் போவும்."

"சரிக்கா."

"இன்னைக்குச் சாப்ட்டியளா?"

"ஆச்சிக்கா. ரெண்டு இட்லி."

திரையில் பதினொரு நிமிடம்.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தக் கேப்சூல் ஒன்றைச் செய்வதற்கு எத்தனை பேர் எத்தனை வருடம் மண்டையை உடைத்திருப்பார்கள். இலவசமாக வீடு தேடி வருகிறது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு விழுங்க என்ன கேடு? ஆனால் மறுநாளும் இட்லி என்றாள், அதற்கு மறுநாள் தோசை என்றாள். பிறகு உப்புமா. மெனு மாறிக்கொண்டே இருந்தது, நிமிடம் மாறவில்லை. அவள் மட்டுமில்லை. திரையில் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று துள்ளிய கோடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து போன் போட்டேன். ஒரு ஆள்கூட "இல்லை, சாப்பிடவில்லை" என்று சொல்லவில்லை. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். எங்கள் பக்கம் ஒன்பதுதான் பறக்கும். மானம் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. முத்துக்கனிக்கு உப்பளத்தில் வேலை. விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் உப்பு கண்ணைப் பறிக்கும். அந்த நேரத்தில் எந்த வீட்டிலும் அடுப்பு எரிவதில்லை. ஒரு கடுங்காப்பியோடு கிளம்பினால், வீட்டிலிருந்து தூக்குச்சட்டி பத்து மணிக்குத்தான் வரும். கேப்சூலைப் பத்து மணிக்குப் போடலாமே என்றால், முடியாது. காலை ஆறுக்குக் கேப்சூல், மாலை ஆறுக்கு வேறு மாத்திரை, நடுவில் பன்னிரண்டு மணி நேரம் என்பது மருந்தின் கணக்கு. ஏழுக்கு மேல் இயந்திரம் வாங்காது. உப்பளக்காரர்களுக்கு நேரத்தை மாற்றிக் கொடுங்கள் என்று மேலே மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் 'பெறப்பட்டது' என்று பதில் வந்தது.

விதி ஒன்று இருந்தது. ஒரு மாதத்தில் மூன்று நாள் வெறும் வயிற்றில் கரைந்தால் கேப்சூல் நின்றுவிடும். யாரிடமும் கேட்காது, இயந்திரமே நிறுத்திவிடும். பிறகு பழைய ஊசிதான், ஒன்பது மாதம். அந்த ஊசி நோயைக் கொல்வதற்கு முன்னால் காதைக் கொல்லும். முதல் மாதம் பழகு மாதம் என்று விட்டுவிடுவார்கள். இரண்டாவது மாதம் மூன்றாம் தேதி முத்துக்கனியின் பெயர் மஞ்சளாக மினுங்கியது. சாயங்காலம் அலுவலகம் மூடுவதற்குள் நான் எதுவும் செய்யாவிட்டால் அவள் பெயர் போய்விடும்.

போன் போட்டேன். "சாப்ட்டியளா?"

"ஆச்சிக்கா. இடியாப்பம்."

எனக்கு அந்த இடியாப்பத்தின் மேல் வந்த ஆத்திரம் இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் என் விரல் வேறொன்றைச் செய்தது. வாசிப்பாளருக்கு ஒரு சலுகை உண்டு. வியர்வையில் பேட்ச் நழுவினால் கோடு தப்பாக வரலாம் இல்லையா? அப்போது நோயாளியிடம் கேட்டு, நாங்கள் கையால் திருத்தலாம். நான்காம் எண் திருத்தம்: 'பேட்ச் நழுவியது. நோயாளி உணவு உண்டதாக உறுதி செய்தார்.' உறுதி செய்தாளா இல்லையா? இடியாப்பம் என்றாளே. நான்கை அழுத்தினேன். மஞ்சள் அணைந்து பச்சை வந்தது.

ஒருவருக்குச் செய்தால் அடுத்தவருக்குச் செய்யாமல் இருக்க முடியுமா? நான்கு மாதத்தில் என் நான்காம் எண் ஆட்கள் ஐம்பத்தெட்டு பேர் ஆனார்கள். நாலைந்து பேரைத் தவிர எல்லாரும் உப்பளத்துக்காரர்கள். மருந்து பாதிதான் சேர்கிறது என்பது எனக்குத் தெரியும். முழுசாகக் காது போவதற்குப் பாதி மருந்து பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. தினமும் ஐம்பத்தெட்டு முறை நான்கை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போய் மத்தியானம் சோற்றில் கை வைத்தால் அலுப்பாக இருக்கும். அவ்வளவு சொல்லலாம்.

ஏப்ரல் மாதம் எங்கள் அதிகாரி ஆறுமுகநயினார் சார் ஒரு கேடயத்தோடு வந்தார். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. சர்க்கரை, முழங்கால், எல்லாம் உண்டு. மாடி ஏறி வந்து மூச்சு வாங்கி, கேடயத்தை என் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"எஸ்தர், நம்ம வட்டம் மாநிலத்துல முதல் நாலுக்குள்ள வந்துட்டு. வெறும் வயித்துல மாத்திரை போடுதவன் நூத்துக்கு ரெண்டு பேருதான் இருக்கான்."

"நல்லது சார்."

"நல்லதுதான்." தண்ணீர் குடித்தார். "இந்தக் கோடுகளையெல்லாம் வச்சி மேல ஒரு பசி வரைபடம் போட்டிருக்காவ. யாரு வீட்டுல காலையில அடுப்பெரியலன்னு வீடு வீடாப் போயிக் கேட்டா எவனும் சொல்ல மாட்டான். வயிறு பொய் சொல்லாதுன்னு ஒரு பெரிய மனுஷனுக்கு யோசனை."

"அதை வச்சி என்ன செய்யப் போறாவ சார்?"

"எந்த வட்டத்துல நூத்துக்குப் பதினஞ்சு வயிறு காலியா இருக்கோ, அந்த வட்டத்துல வேலை நடக்குத இடத்துக்கே காலைச் சாப்பாடு. மாத்திரை நேரத்துக்கு முன்னாடி வந்துரும். சூடான கஞ்சி, ஒரு முட்டை. மாத்திரைக்காரவியளுக்கு மட்டும் இல்ல, அவிய வீட்டு ஆளுகளுக்கும் சேத்து."

உப்பளத்து மேட்டில் காலை ஆறு மணிக்கு ஒரு கஞ்சிப் பானை வந்தால் என் ஐம்பத்தெட்டு பேருக்கும் விடிந்துவிடும். மருந்து முழுசாகச் சேரும். நான்காம் எண்ணை நான் மறந்தே போகலாம். அந்தப் பானையை வழியிலேயே நிறுத்தி வைத்தவள் நான்தான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை என்பார்களே, அந்தக் குரங்குக்குக் கேடயம் வேறு கொடுத்திருந்தார்கள்.

"எத்தன வட்டத்துக்குக் கிடைச்சிருக்கு சார்?"

"ஒண்ணே ஒண்ணு. மேற்க. மத்த எல்லா வட்டமும் பச்சை." அவர் கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த ஒண்ணுல வாசிப்பாளர் வேலை ரெண்டு வருஷமா காலியா கெடக்கு. மெஷினே பாக்கு, மெஷினே எழுதுது."

"அப்ப அங்க உள்ள ஆளுக?"

"நாப்பது பேருகிட்ட ஊசிக்குப் போயிட்டாவ. இப்பந்தான் சோறு வருது."

மாநிலம் முழுக்க என்னைப் போல எத்தனை பேர் உட்கார்ந்து நான்கை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அழுகை வரும் போலவும் இருந்தது, சிரிப்பு வரும் போலவும் இருந்தது.

நயினார் சார் எழுந்தார். போகும்போது என்னைப் பார்க்காமலே சொன்னார். "மே மாசம் ரெண்டாவது வாரம் கடைசிக் கணக்கு. அதுக்குப் பொறவு மூணு வருஷத்துக்கு வரைபடத்த மாத்த மாட்டாவ. அந்த ஒரு வாரத்துல ஒரு ஆளுக்கு ரெண்டு நாள் காலின்னு விழுந்தாலே பசி வயிறுன்னு எண்ணிக்கிடுவாவ. மூணு நாள் விழுந்தாத்தான மாத்திரை நிக்கும்? ரெண்டு நாள் நின்னுறாதுல்லா?"

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நல்ல மனிதர். இதற்கு மேல் அவரால் சொல்ல முடியாது.

கணக்கு எளிது. நூற்றுக்குப் பதினைந்து என்றால் எங்கள் வட்டத்தில் ஐம்பத்தொரு பேர். என்னிடம் ஐம்பத்தெட்டு பேர் இருந்தார்கள். அந்த வாரம் திங்களும் செவ்வாயும் நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தால் போதும். மருந்தும் நிற்காது, சோறும் வரும். யாருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை.

சும்மா இருந்திருக்கலாம். மனசில் குற்றத்தை வைத்துக்கொண்டிருப்பவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அடுத்த சனிக்கிழமை காலை வாசிப்பு முடிந்ததும் பஸ் ஏறி உப்பளத்துக்குப் போனேன்.

பத்து மணி வெயிலுக்கே கண் கூசியது. மேட்டில் குவித்திருந்த உப்புக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிழல். அதில் ஏழெட்டுப் பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். பேரைச் சொல்லிக் கேட்டதும் ஒருத்தி எழுந்து வந்தாள். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். நாற்பத்து நான்கு வயது என்று என் திரை சொல்லும், பார்த்தால் என்னைவிட மூத்தவள் மாதிரி இருந்தாள். கால் பெருவிரல் இரண்டும் உப்பில் வெடித்திருந்தன.

"எஸ்தரக்காவா? குரல வச்சே தெரிஞ்சிட்டு!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "வெயில்ல வந்திருக்கியளே. சாப்ட்டியளா?"

"ஆச்சி" என்றேன். காலையிலிருந்து ஒரு டீதான் குடித்திருந்தேன்.

"சும்மா சொல்லாதிய. ஒரு வாய் பாருங்க." சட்டியை நீட்டினாள். அடியில் நாலு கை பழைய சோறு, ஒரு சின்ன வெங்காயம். நான் எடுக்கவில்லை. பக்கத்திலிருந்த ஒரு வயதான பெண், "யாரு முத்து, ஆசுபத்திரி ஆளா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். முத்துக்கனி அவளுக்குக் கையாலேயே ஏதோ சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள். "பேச்சியக்கா. பழைய ஊசி போட்டவ. நோயி போச்சி, காதும் போச்சி."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பதினொரு நிமிடம், நான்காம் எண், பச்சை, கேடயம், மேற்கே போகிற கஞ்சிப் பானை. சொல்லச் சொல்ல அவள் முகம் இறுகியது. மற்றவர்களும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"எத்தன நாளா அப்பிடி எழுதுதிய?"

"நாலு மாசமா."

"யாரக் கேட்டு எழுதினிய?"

எனக்கும் ரோஷம் வந்தது. "நீங்கதான சாப்ட்டேன்னு சொன்னிய? தினம் ஒரு பலகாரம் சொன்னியளே?"

"நான் சொல்லுவேன்க்கா. ஒரு ஆளு சாப்ட்டியான்னு கேட்டா வேற என்னத்தச் சொல்லுவாவ? வீட்டுல ஒண்ணுமில்லன்னு போன்ல அழவா முடியும்? அது வாயில சொல்லுதது. காத்தோட போயிரும். நீங்க எழுதில்லா வச்சிட்டிய."

"எழுதலன்னா உங்களுக்கும் ஊசிதான்."

அவள் பேச்சியக்காவைப் பார்த்தாள். பேசியபோது கோபம் இறங்கியிருந்தது, ஆனால் விடவில்லை.

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிய. இல்லன்னு சொல்லல. ஆனா என் வயித்தப் பத்தி எழுதுததுன்னா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு எழுதணுமா இல்லயா? என் வயிறுதானக்கா?"

அவள் சொன்னதில் என்ன தப்பு? ஐந்து மாதமாக அவள் வயிற்றுக்குள் தினமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அவளிடம் ஒரு தடவைகூட அனுமதி கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. "இனிமே சொல்லிட்டுத்தான் எழுதுவேன்" என்று அவள் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன்.

அந்த வாக்கைக் காப்பாற்றினேன். மே மாதம், கணக்கெடுப்புக்கு முந்தின சனிக்கிழமை போன் போட்டேன்.

"முத்துக்கனி, திங்களும் செவ்வாயும் நான் கை வைக்க மாட்டேன். உள்ளத உள்ளபடி விட்டுருவேன். ரெண்டு நாளுதான், அதனால மருந்து நிக்காது. நீங்க ஒண்ணும் புதுசாச் செய்ய வேண்டாம், எப்பயும் போல இருந்தாப் போதும். கஞ்சி வந்துரும்."

"மேல உள்ளவிய எல்லாரும் பாப்பாவளாக்கா?"

"பாப்பாவ. அதுக்குத்தான எடுக்குதாவ."

"பேரு போட்டு இருக்குமா?"

"பேரு, ஊரு எல்லாம் இருக்கும்."

"சரிக்கா. சொன்னதுக்குச் சந்தோசம்."

மற்ற ஐம்பத்தேழு பேருக்கும் போன் போட்டு இதையே சொன்னேன். வாக்கு என்றால் எல்லாருக்கும்தானே. தொண்டை கட்டிப்போனது. அநேகமாக எல்லாரும் பேர் இருக்குமா என்று கேட்டார்கள். எல்லாருக்கும் இருக்கும் என்று சொன்னேன்.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். ஆறு பத்துக்கு முத்துக்கனி விழுங்கினாள். ஆறு இருபத்தொன்றுக்குக் கோடு துள்ள வேண்டும். துள்ளவில்லை. பேட்ச் நழுவியிருக்கும் என்று நினைத்தேன். நாலு மாதமாக நான் எழுதி வந்த பொய், என் தலையிலேயே உண்மையாக வந்து விடிந்துவிட்டதோ என்று பயந்தேன். ஆனால் பேட்ச் விளக்கு ஒழுங்காக எரிந்தது. ஆறரை. ஆறு நாற்பது. மற்ற கோடுகளைப் பார்த்தேன். அவையும் நீளமாக, அலுங்காமல் போய்க்கொண்டிருந்தன. ஆறு ஐம்பத்து மூன்றுக்கு முத்துக்கனியின் கோடு துள்ளியது. நாற்பத்து மூன்று நிமிடம். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால்தான் அப்படி வரும்.

ஐம்பத்தெட்டு பேரில் நான்கு பேர்தான் வெறும் வயிறு.

செவ்வாய்க்கிழமை அந்த நான்கு பேரும்கூட நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். புதனாவது மாறும் என்று பார்த்தேன், வியாழனாவது மாறும் என்று பார்த்தேன். வாரம் முழுக்கக் கோடுகள் நிதானமாக நாற்பது, நாற்பத்தைந்து என்று நடை போட்டன. நான்காம் எண்ணை நான் தொடவே இல்லை. கேடயம் வாங்கின வட்டம் என்ற பேரை, முதல் தடவையாக யாருடைய பொய்யும் இல்லாமல் என் ஆட்களே காப்பாற்றினார்கள்.

சனிக்கிழமை நயினார் சார் வந்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கை வச்சியளா?"

"ஆண்டவர் சத்தியமா வைக்கல சார்."

"அப்ப எப்பிடி?"

"தெரியல சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "மூணு வருஷம், எஸ்தர்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பத்து மணி ஆகட்டும் என்று காத்திருந்து முத்துக்கனிக்குப் போன் போட்டேன். எடுத்ததும் கத்தினேன்.

"என்ன பண்ணி வச்சிருக்கிய? எப்பயும் போல இருங்கன்னு சொன்னேன்லா? வாராவாரமா வரப்போவுது இந்தக் கணக்கு? மூணு வருஷம் போச்சி!"

அவள் மெதுவாகச் சொன்னாள்.

"பேரு போட்டு எல்லாரும் பாப்பாவன்னு சொன்னியளேக்கா."

"ஆமா, சொன்னேன்."

"நாலு பேரு பாக்க வாராவன்னு தெரிஞ்ச அன்னைக்கு வெறும் வயித்தோட எப்பிடிக்கா இருக்கது? தெரியாம வந்து பாத்துட்டா அது வேற. சொல்லிட்டு வாராவ. அளத்து ஆளுகல்லாம் பேசுனோம். யாருக்குமே மனசு வரல. பேச்சியக்கா வீட்டுல பெரிய பானை கெடந்துச்சி. ஆளுக்கு இவ்வளவுன்னு அரிசி கொண்டாந்து, மூணு மணிக்கே எந்திச்சி கஞ்சி வச்சி, எல்லாரும் குடிச்சிட்டுத்தான் எறங்குனோம். ரெண்டு நாளுன்னுதான் நெனச்சோம். பொறவு, வாரம் பூரா பாப்பாவளோ என்னவோன்னு..."

"அந்தக் கஞ்சியத்தான் அவிய குடுக்க வந்தாவ!"

"அது தெரியுதுக்கா. வேணும்னுதான் இருந்துச்சி. வாயால கேட்டாக் கேட்டுருவேன். வயித்தத் தொறந்து காட்டிக் கேக்கதுக்குத்தான்..."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் சொல்லாமல் இருந்திருந்தால் கஞ்சி வந்திருக்கும். சொல்லாமல் எழுதினேன், அது தப்பானது. சொல்லிவிட்டு எழுதலாம் என்று பார்த்தேன், அதுவும் தப்பானது. இத்தனை களைப்பு எனக்கு எந்த வேலையிலும் வந்ததில்லை.

"சரி, விடுங்க" என்றேன். "ஒரு வாரம் மருந்தாவது முழுசாச் சேந்திருக்கு. இப்பிடிச் சேந்து வைக்க முடியும்னா, தினமும் அதையே செஞ்சாத்தான் என்ன? கணக்கு கெடக்கட்டும். உங்க உடம்புக்குச் சொல்லுதேன்."

அந்தப் பக்கம் தூக்குச்சட்டியை மூடுகிற சத்தம் கேட்டது.

"முத்துக்கனி? அரிசி எங்க இருந்து வந்துச்சி?"

"வீட்டுல உள்ளதுதான்க்கா."

"வீட்டுல உள்ளதுன்னா?"

"பிள்ளையளுக்குன்னு வைக்கது. காலையில அதுவளுக்குத்தான் வைப்பேன். அதுவ சாப்ட்டு மிச்சம் இருக்கதுதான் எனக்குப் பத்து மணிக்கு வரும். இந்த வாரம் நாங்க எடுத்துக்கிட்டோம். அதுவளுக்கு ராத்திரி ஒரு நேரம் மட்டும் குடுத்தோம்." பிறகு அவசரமாகச் சொன்னாள். "ஒரு வாரந்தானக்கா. நாளையோட முடிஞ்சிரும். பிள்ளையளுதான, தாங்கிக்கிடும்."

மே மாதம். பள்ளிக்கூடம் கிடையாது, மத்தியானச் சாப்பாடும் கிடையாது.

"எத்தன பிள்ளைக?"

"எனக்கு ரெண்டு. எல்லா வீட்டுலயும் சேத்தா எம்பது எம்பத்தஞ்சி இருக்கும்."

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்நூற்று நாற்பது கோடுகளும் பச்சையாக இருந்தன. அந்த எண்பத்தைந்து பிள்ளைகளில் ஒன்றுகூடக் கேப்சூல் விழுங்குவதில்லை. அவர்கள் ஆறு நாளாக அரைப்பட்டினி கிடந்தது எங்கேயும் ஒரு கோடாக விழவில்லை. பசி எங்கேயும் போய்விடவில்லை. அதே வீட்டிலேயே, கம்பி போகாத வயிறாகப் பார்த்து மாறி உட்கார்ந்திருந்தது. வயிறு பொய் சொல்லாது என்று கண்டுபிடித்த அந்தப் பெரிய மனுஷனை ஒரு தடவை நேரில் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை மறுபடியும் வேலைக்குப் போனேன். கணக்கெடுப்பு முடிந்துவிட்டது, இனி யாரும் பார்க்க மாட்டார்கள். முத்துக்கனி ஆறு பதினைந்துக்கு விழுங்கினாள். நான் மற்ற கோடுகளை விட்டுவிட்டு அவள் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு இருபத்தாறுக்குத் துள்ளியது. பதினொரு நிமிடம்.

அப்பாடா என்று இருந்தது. பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடைத்துவிட்டது.